கழற்ற முடியாத எண்

பால்கனிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பிடித்திருந்தாள். உள்ளே இழுத்தால் சிக்னல் போய்விடுகிறது.

ஒரு கோடு வந்தது. போனது. மறுபடி வந்தது.

சார்ஜ் பதினொரு சதவீதம்.

கீழே தெரு இல்லை. ஏரி உடைந்து வந்த தண்ணீர் தரைத்தளத்துக்குள் புகுந்து, வெளிப்படிக்கட்டில் பாதிவரை ஏறி நின்றது. நேற்றுக் காலையிலிருந்து கரண்ட் கிடையாது.

பால்கனிக் கதவை ஒட்டிய கட்டிலில் அவள் கணவர் தணிகாசலம் படுத்திருந்தார். கண்களில் மஞ்சள். உடம்பு வற்றி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. கல்லீரல் மாற்றப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். எந்த நேரமும் கூப்பிடுவோம், இந்த நம்பர் மட்டும் அணையவே கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

அது அவருடைய நம்பர். அவர் படுக்கையில் விழுந்த பிறகு, அதை இ-சிம்மாக மாற்றித் தன் போனிலேயே சேர்த்துக்கொண்டாள். ஒரே போனில் இரண்டு நம்பர். வசதியாகத்தான் இருந்தது. சார்ஜ் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அதனாலென்ன, போட்டுக்கொள்ளலாம்.

இப்போது இரண்டும் டவரைத் தேடித் தேடி, போன் உள்ளங்கையைச் சுட்டது.

தன் நம்பரை அணைத்தாள். நெட்டை அணைத்தாள். திரை வெளிச்சத்தைக் குறைத்தாள். ஏரோபிளேன் மோடுக்கு மேல் விரல் போய் நின்றது. அதைப் போட்டால் சார்ஜ் நிற்கும்.

கால் வராது.

விரலை எடுத்துக்கொண்டாள்.

மேல்வீட்டு ரெஜினாக்கா இறங்கி வந்தார். கையில் பட்டன் போன்.

“இந்தா தமயந்தி, இதுல ஃபுல் சார்ஜ் இருக்கு. உன் சிம்மக் கழட்டி இதுல போடு. ரெண்டு நாள் தாங்கும்.”

“கழட்ட முடியாதுக்கா. அவரு நம்பருக்கு சிம்மே கிடையாது. போனுக்குள்ளயே இருக்கு.”

“உள்ளன்னா, எங்க?”



மருத்துவமனை நம்பரைப் பார்த்துப் பட்டன் போனில் அடித்தார்கள். அதில் ஒரு கோடுகூட இல்லை. மொட்டை மாடியில் கிடைக்குதா பாக்குறேன் என்று அக்கா மழையில் ஏறிப் போனார்.

நான்கு சதவீதம்.

கால் வந்தால் எப்படிப் போவது என்று அவள் யோசித்திருக்கவில்லை. காலையில் வந்த மீட்புப் படகு அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை. அதையும் அவள் யோசிக்கவில்லை. கால் வர வேண்டும். அவ்வளவுதான்.

வந்தது.

கம்பிமேல் சாய்ந்து தலையை வெளியே நீட்டினாள். மழை பிடரியில் விழுந்தது.

“மேடம், சாருக்கு லிவர் கிடைச்சிருக்கு. உடனே அட்மிட் பண்ணணும். எவ்ளோ நேரத்துல வருவீங்க?”

கீழே தண்ணீரில் யாருடைய கேஸ் சிலிண்டரோ உருண்டு மிதந்தது.

“சுத்தியும் தண்ணி மேடம். படகு வந்தா… படகு வந்துடும்…”

“புரியுது மேடம். ஆனா ரொம்ப நேரம் வெயிட் பண்ண முடியாது. வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடணும்.”

பின்னால் கட்டில் முனகியது. அவர் முழங்கையை ஊன்றி எழுந்திருந்தார். அவள் பேசியதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“முடியாதுன்னு சொல்லிடு தமா.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“சார்ஜ் போறதுக்குள்ள சொல்லு. நமக்காக உக்காந்திருக்கப் போறாங்க. வேற யாராவது கிளம்பட்டும்.”

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?”

ஒரு வார்த்தைதான். வாயைத் திறந்தாள்.

தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்பது போலிருந்தது. மூச்சைப் பிடித்துக் கேட்டாள்.

மழைதான்.

“மேடம்?”

இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அந்தக் குரல் பாதியில் நின்றது. கன்னத்தில் போன் ஒருமுறை அதிர்ந்து அணைந்தது.

காதிலிருந்து அதை எடுக்காமல், வெளியே பார்த்தபடியே நின்றாள்.

“சொல்லிட்டியா?”

தண்ணீர் இன்னொரு படி ஏறியிருந்தது.

“சொல்லிட்டேன்.”