மேஜரின் பென்ஷன்

போலீஸ் வேலையில் ஓய்வு பெற்ற மேஜர் என்ற நாய்க்குத் தினம் ஓர் எலும்பு பென்ஷன். உயிரோடிருப்பதற்கு அத்தாட்சியாக வருஷம் ஒருமுறை ஆபீஸ் வாசலில் குரைத்துக் காட்டினால் போதும்.

"கையேந்துற பிழைப்புய்யா மேஜர். என் வளையைப் பாரு, ஏழு அறை. வயசான காலத்துல வாடகையே சோறு போடும்" என்று பீற்றிக்கொண்டது பெருச்சாளி.

குடிவந்ததோ பாம்பு. வாடகை கேட்கத் தைரியமில்லாமல் பெருச்சாளி தெருவுக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் பார்த்து மேஜருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. குமாஸ்தா, மேஜரின் பெயரைப் பட்டியலில் அடிக்கப் பேனாவை எடுத்தார். வாசலோரம் பட்டினியாய் நின்ற பெருச்சாளி பாய்ந்துபோய் மேஜரின் வாலைக் கடித்தது. எழுந்த குரைப்பில் குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி அடுத்த தெருவில் போய் விழுந்தது.

அன்றிலிருந்து பாதி எலும்பு பெருச்சாளிக்கு. விடிந்ததும் அது ஓடிவந்து விசாரிக்கும்: "அண்ணே, நல்லாத் தூங்கினீங்களா? மாத்திரை போட்டாச்சா?"