ஆறு பேருக்குக் கேட்டது

"சொல்லும்மா, உழைப்போட நாலாவது தூண் எது?"

மரப்பலகை அடுக்கின் மேல் ஏறி நின்றபடி கிடங்கு மேலாளர் கேட்டார். பார்சல் பிரிக்கும் வரிசையின் கடைசியில் நின்ற பெண் விழித்தாள். சேர்ந்து மூன்றே நாள் ஆனதால் எல்லோருக்கும் அவள் 'புதுசு'.

"நாலாவது தூணை நீங்க சொல்லவே இல்லையே, சார்."

மேலாளர் மற்ற ஆறு பேர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"பொறுமை, சார்!" ஆறு குரலும் ஒன்றாக வந்தன.

விஷயம் இதுதான். வேலை நேரத்தில் பாட்டு கேட்க வேண்டும் என்பது வரிசைக்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. காதை அடைக்கும் சமாச்சாரம் எதையும் அனுமதிக்க மாட்டேன் என்பது மேலாளரின் நெடுநாள் பதில். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஹாரன் கேட்காது என்று காரணம் சொன்னார். தன் பேச்சு கேட்காது என்பது சொல்லாத காரணம். காது மடலைக் கிளிப் போலக் கவ்விக்கொண்டு, காதுத் துளையைத் திறந்தே விடும் ஒயர்லெஸ் இயர்பட்ஸ் மலிவு விலையில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார். ஏழு ஜோடி வரவழைத்தார். பாட்டு ஓட வேண்டும், கை பார்சல் பிரிக்க வேண்டும், அவர் உரையாற்றுவார். பிறகு கேள்வி. பதில் வந்தால் கருவி தேறியது. வராவிட்டால் பாட்டு கிடையாது.

ஆறு பேருக்குக் கேட்டு ஒருத்திக்கு மட்டும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை.

"மூணாவது தூண் முடிஞ்சதும் உங்களுக்கு போன் வந்துச்சு சார். பேசிட்டு வந்து 'ஆகவே, நண்பர்களே'ன்னு முடிச்சிட்டீங்க."

"போன் வந்தது வாஸ்தவம். அதுக்காக ஒரு தூணையே விட்டுட்டு வருவேனா? அப்புறம் கட்டடம் எப்படி நிக்கும்?"

மேலாளர் சிரித்தார். ஆறு பேரும் அவருக்கு ஒரு நொடி முன்பே சிரித்திருந்தார்கள்.

"சரி, எறும்புக் கதையாவது காதுல விழுந்துச்சா? ஏணியைப் பார்த்து எறும்பு என்ன சொல்லுச்சு?"

"எறும்பா?" என்றாள் புதுசு.

"'எனக்கு எதுக்கு ஏணி?'ன்னுச்சு சார்!" என்றார் டிராலி தள்ளுபவர், எறும்புக் குரலிலேயே.

மேலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இத்தனை பேர் காதுல விழுந்தது உன் காதுல மட்டும் விழலன்னா, கோளாறு எங்கன்னு நீயே சொல்லு. காது மந்தமான ஆளை ஃபோர்க்லிஃப்ட் ஓடற இடத்துல நான் வெச்சுக்க முடியாது. சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை பேசறேன். அப்பவும் கேக்கலன்னா வேற இடம் பார்த்துக்கோ."

மறுபடி பேச ஒரு சாக்கு கிடைத்ததில் அவர் முகத்தில் வருத்தம் அவ்வளவாக இல்லை.

சாப்பாட்டு வேளையில் புதுசு தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

"அக்கா, என் பின்னாடி நின்னு மெதுவா ஏதாவது சொல்லுங்களேன்."

பக்கத்து மேசை அக்கா போய் நின்று முணுமுணுத்தாள். "உன் தலையில பார்சல் டேப் ஒட்டியிருக்கு."

"கேட்டுச்சு!" புதுசு டேப்பைப் பிய்த்தாள். "பாட்டும் கேக்குது. ஹாரன் கேட்டுச்சு, கணக்கர் தும்மினது கேட்டுச்சு. தூணும் எறும்பும் மட்டும் எங்க போச்சு?"

"கருவி நல்லாத்தான் இருக்கு. காது வலிக்கல, நழுவல. பாட்டு கொஞ்சம் தகர டப்பா, ஆனா இந்த விலைக்கு வேற என்ன எதிர்பார்க்கறது?"

"உங்க ஜோடியைக் குடுங்கக்கா. என்னுதை நீங்க மாட்டிக்கோங்க."

அக்கா மாற்றிக்கொடுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

இந்த முறை புதுசு எந்த ஆபத்தையும் விலைக்கு வாங்கத் தயாராக இல்லை. யாருக்கும் தெரியாமல் பாட்டை நிறுத்திவிட்டாள். உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு நின்றாள். உண்ட மயக்கத்தில் இருந்த மேலாளர், இரண்டாவது தூணில் ஒரு கொட்டாவி விட்டார். வாயை மூடியதும், "ஆகவே, நண்பர்களே" என்றார்.

புதுசு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டே தூண்தான்.

"மூணாவது தூண்?"

"நேரம், சார்!" என்றன ஆறு குரல்கள். அரை நொடி தாமதமாக ஏழாவது குரலும் "...ரம், சார்" என்றது.

"நாலாவது?"

"பொறுமை, சார்!" இம்முறை புதுசும் சரியாகச் சேர்ந்துகொண்டாள்.

"பார்த்தீங்களா! ஜோடியை மாத்தினதும் கேட்டுடுச்சு!" மேலாளர் பூரித்துப்போனார். "அந்தப் பழைய ஜோடியில கோளாறு, திருப்பி அனுப்புங்க. மத்தது எல்லாருக்கும் வாங்கிடலாம். நீ வேலையைப் பாரும்மா."

அவர் போனதும் புதுசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலை பிழைச்சுது. ஆனா சத்தியமா சொல்றேன்கா, பாட்டை நிறுத்திட்டுத்தான் கேட்டேன். மூணையும் சொல்லல, நாலையும் சொல்லல. உங்களுக்கெல்லாம் மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

"எங்களுக்கு எங்கடி கேட்டுச்சு? நாங்க பாட்டுல இருந்தோம். நான் சேர்ந்த நாள்லேர்ந்து மாசாமாசம் இதே தூண், இதே எறும்பு, ஒரு எழுத்து மாறினதில்ல."

"அப்ப அவரு? சொல்லாததைச் சொன்னதா அவரே நினைக்கிறாரே?"

அக்கா அடுத்த பார்சலை இழுத்துப் போட்டாள்.

"அவரும்தான்டி அந்தப் பேச்சைக் கேக்கறதை எப்பவோ விட்டுட்டாரு. இன்னைக்கு அதைக் கேட்ட ஒரே ஆளு நீதான்!"