திரும்பி வந்த கட்டுரை

மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய லேப்டாப்பில் அந்த மெயில் வந்து விழுந்தது. அவள் அனுப்பிய கட்டுரையை ஆராய்ச்சி இதழ் நிராகரித்திருந்தது. கணவன் அதைப் பார்த்துவிட்டான். பல்கலைக்கழக லேப்பில் இரண்டு வருடமாகக் கிருமிகளோடு மல்லாடியவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

தலையைத் துவட்டியபடி வந்தவளிடம் காபியை நீட்டினான்.

"என்ன, கவனிப்பு பலமா இருக்கு?"

"மனசைத் திடமா வச்சுக்கோ. உன் கட்டுரை... திரும்பி வந்துடுச்சு."

"நிஜமாவா?" ஓடிப்போய் மெயிலைப் படித்தவள், "அப்பாடா!" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவன் பயந்தே போனான். "என்னம்மா ஆச்சு உனக்கு?"

"போன வாரம்தான் கண்டுபிடிச்சேன். அந்தக் கிருமியெல்லாம் என் மருந்தால சாகல. சோதனைத் தட்டைச் சரியா அலசாம விட்டிருக்காங்க. அதுல ஒட்டியிருந்த சோப்புலதான் செத்திருக்கு. வாபஸ் வாங்கலாம்னா, இந்த வருஷக் கணக்குல ஒரு கட்டுரை குறையும்னு துறைத் தலைவர் ஒத்துக்கவே இல்ல. வெளிவந்திருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். இனிமே நிம்மதியா முதல்ல இருந்து செய்வேன்."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தட்டைக்கூட ஒழுங்கா அலசத் தெரியாத அந்தத் தத்தியை முதல்ல வெளியே அனுப்பு!"

"எங்கேருந்து அனுப்பறது? வீட்டை விட்டா?" காபியை உறிஞ்சியபடி அவள் சிரித்தாள். "அன்னிக்கு லேப்ல ஆள் வரலைன்னதும், 'நீ நகரு, நான் பளபளன்னு கழுவித் தரேன்'னு பாட்டுப் பாடிக்கிட்டே கழுவினது நீங்கதானே!"