முட்டைக்கு உப்பிய முகம்

பெரியவரின் மனைவிக்கு முட்டை ஆகாது என்று ஸ்கேனில் கண்டுபிடித்தது நான்தான். போன வருடம், இதே அறை, இதே மெஷின். முட்டை கலந்த கரைசலைக் குடித்த கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் குடலில் ஒரே ஒரு வளைவு மட்டும் உப்பிக்கொண்டது. “கோவம் வந்தா இவ மூஞ்சியும் இப்படித்தாம்மா உப்பும்” என்று பெரியவர் சிரித்தார். படுத்தபடியே அந்த அம்மா அவரை முறைத்தார். சில மாதங்களில் மாரடைப்பில் போய்விட்டார்.

இன்று பெரியவர் தனியாக வந்தார். வயிற்றுவலியாம்.

“கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறும்மா இது. அவ போனதுலேருந்துதான் இப்படி.”

வழக்கம்போல ஒவ்வொன்றாகக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தேன். பாலுக்கு ஒன்றுமில்லை. கோதுமைக்கும் ஒன்றுமில்லை. முட்டைக்கு, அதே வளைவு உப்பியது. அந்த அம்மாவின் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசல் அதே வீக்கம்.

பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெல் பூசிய வயிற்றை மெல்லத் தட்டினார்.

“சரி, சரி. கோச்சுக்காத.”

வீக்கம் வடிந்தது. மருந்து போட்டாலும் அவ்வளவு சீக்கிரம் வடியாது.

துடைத்துக்கொள்ளத் துண்டைக் கொடுத்தேன். “முட்டைய விட்டுடுங்க ஐயா. வலி வராது.”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: “நாளைக்கும் வரட்டுமாம்மா?”

“எதுக்கு? டெஸ்ட்டுதான் முடிஞ்சிருச்சே.”

“வீட்ல தினம் முட்டைதான் சாப்பிடுறேன். வலி மட்டும்தாம்மா வருது. முகம் தெரிய மாட்டேங்குது.”