எறும்புப் பாட்டு

"அவ பேரைச் சொல்லிட்டா ஒனக்கு ஒண்ணும் வராது, டீச்சர். இல்லைன்னா கூமாப்பட்டிக்கு மாத்தல்தான், பெட்டியைக் கட்டு."

பஞ்சாயத்துத் தலைவர் வைகுண்டராஜ் பால்வாடிக்குள் செருப்போடு வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த மகள் வயிற்றுப் பேத்தி செல்வராணி, அவர் கையை உதறிவிட்டுப் பிள்ளைகள் நடுவே போய் உட்கார்ந்தாள்.

தங்கபாய் சத்துமாவு உருண்டை பிடிப்பதை நிறுத்தவில்லை. "யார் பேரு ஐயா?"

"நடிக்காத. மந்திரி வந்தப்போ புள்ளைகளை ரோட்டுல கொடியோட நிறுத்தச் சொன்னேன். ராஜபாளையம் வட்டாரத்துல ஒரு பால்வாடி டீச்சரும் கூட்டிட்டு வரலை. அம்புட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல துணிச்சல் வருமா? எவளோ சங்கம் வச்சு ஏத்திவிடுதா. அவளை வேலையை விட்டுத் தூக்கிட்டா எல்லாம் அடங்கிரும்."

"வேகாத வெயில்ல மூணு வயசுப் புள்ளைக நிக்குமா? ஒங்க பேத்தியை நிறுத்துவீயளா?"

"வாயைப் பாரு! மில்லுல நான் பாக்காத சங்கமா? கொடி புடிச்சவன் மொதலாளி கார்ல ஏறிட்டான். பின்னால போனவன் கேட்டுக்கு வெளிய நின்னான்."

"எங்க சங்கத்துல காருக்கு எங்க போக? டவுன் பஸ்தான். ஒத்தையில கெடந்து, பாடின பாட்டையே பாடிக்கிட்டிருந்தோம். அழுத புள்ளையை எப்படி அமத்தன்னு கேக்கக்கூட நாதியில்லை. இப்ப மாசத்துக்கு ஒருக்கா கூடுதோம். அவிய சொல்லிக் குடுக்காவ, நாங்க கத்துக்கிடுதோம்."

"அவியன்னா யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"கூமாப்பட்டிக்குப் போனா, படுத்துக் கெடக்கிற ஒம் புருசனை எங்க வச்சுப் பாப்ப?"

தங்கபாய் அடுத்த உருண்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"அங்கயும் ஒரு பால்வாடி டீச்சர் இருக்கா. அவ வீடு பாத்துத் தருவா. நீங்க ஆர்டர் போடச் சொல்லுங்க."

"திமிரு! ஸ்ரீவில்லிபுத்தூர்ல எம் மகளும் இதே வேலைதான் பாக்கா. அவகிட்டப் போய் அடக்கம்னா என்னன்னு கத்துக்கோ."

"சரி ஐயா. கத்துக்கிடுதேன்."

அப்போது மூலையில் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். போன சனிக்கிழமைதான் சங்கக் கூட்டத்தில் தங்கபாய் கற்று வந்த புதுப் பாட்டு.

"ஒத்தை எறும்பே ஒதுங்காதே,
மத்த எறும்பைக் கூப்பிடு!
மொத்தமாக் கூடிக் கடிச்சா
செத்த நேரத்தில ஆனை ஓடும்!"

எல்லோருக்கும் முன்னால் நின்று, கையைத் தும்பிக்கையாக ஆட்டி, ஒரு சொல் பிசகாமல் பாடியது செல்வராணிதான்.

"ஏ புள்ளைகளா, பாட்டை நிறுத்துங்க!" தங்கபாய் பதறி எழுந்தாள். உருண்டைகள் தரையில் உருண்டன.

"பாடட்டும், நீ ஏன் மறிக்க?" தலைவர் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினார். "என் ராசாத்தி! இம்புட்டு நல்லாப் பாடுதியே, யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கம்மாதான் தாத்தா. சங்கத்துல எல்லா டீச்சருக்கும் அம்மாதான் சொல்லிக் குடுக்கும்."