தேய்ந்த எழுத்துகள்

“எல்லாரும் அழிஞ்ச எழுத்தை ஒட்டத்தான் வருவாங்க. நீங்க நல்லா இருக்கறதை அழிக்கச் சொல்றீங்களே. தடயமா வக்கீல் சார்?” லேப்டாப் கடைக்காரர் சிரித்தார்.

“வீட்டுக்காரியோடது. அவ பாக்காமலே டைப் அடிப்பா” என்றார் வக்கீல்.

ஆறு மாதம் முன்பு அவள், “என்னங்க, கீபோர்டுல எழுத்தெல்லாம் மங்கிப்போச்சா?” என்று கேட்டபோது, கேஸ் கட்டிலிருந்து தலைதூக்காமலே, “பழசுல்ல, தேஞ்சிருக்கும்” என்றிருந்தார்.

போன வாரம் கண் டாக்டர், “அப்பவே வந்திருந்தா பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார்.

நாளை மைத்துனி வந்து பார்த்தால், எழுத்துகள் பளிச்சென்று இருப்பது தெரிந்துவிடும்.

மறுநாள் மைத்துனி லேப்டாப்பைத் திறந்து, “அக்கா, இதுல ஒரு எழுத்துகூட இல்லையே” என்றாள்.

மனைவி துழாவி அவர் கையைப் பிடித்தாள். “பாத்தீங்களா? அன்னைக்கு நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. இனிமே உங்களையே நொந்துக்காதீங்க.”