ஜோடித் துப்பாக்கி

"சார், இது சுடுமா?" என்று கேட்டாள் ஏட்டு மலர்கொடி.

"சுட்டு இருநூறு வருசம் ஆவுது ஏட்டம்மா," என்றார் சிங்காரவேல், அதையும் பெருமையாக.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். நெய்வேலிக்கு மாற்றலாகி வந்த கையோடு மலர்கொடியின் தலையில் விழுந்தது அந்த ரிஜிஸ்தர். காலையிலிருந்து நீட்டுத் துப்பாக்கிகளாகவே எழுதிக்கொண்டிருந்தவள் இதைப் பார்த்ததும் அசந்துபோனாள்.

சக்கிமுக்கிக் கல் உரசிச் சுட்ட காலத்துக் கைத்துப்பாக்கி. பிடி முழுக்க வெள்ளிக் கொடி, அடியில் ஒரு சிங்க முகம். பழைய மரப்பெட்டியில் பட்டுத் துணி விரித்து இரண்டு குழிகள் இருந்தன. ஒன்றில் இது. இன்னொன்று காலி.

"கடலூர்ல கப்பலேறுன வெள்ளைக்காரத் துரை எங்க முப்பாட்டனாருக்குக் குடுத்துட்டுப் போனது. ஜோடியா இருந்தது. எங்கப்பா காலத்துல ஒண்ணு திருட்டுப் போயிடுச்சு."

"யார் எடுத்தா?"

"அம்சவல்லின்னு ஒருத்தி வூட்டு வேலைக்கு வந்துகினு இருந்தா. அவளும் அவ மவன் தனகோட்டியும்தான். ஊருக்கே தெரியும்."

"கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களா?"

"எங்கப்பா எங்க வுட்டாரு? போனது போவட்டும், போலீசெல்லாம் வேணாம்னுட்டாரு. அவ்வளவு தங்கமான மனுசன்!"

தங்கமான மனுஷனின் பேர் ரிஜிஸ்தருக்கும் தேவைப்பட்டது. 'சிங்காரவேல், த/பெ சங்கரலிங்கம்' என்று எழுதினாள் மலர்கொடி. ரசீதில் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வரும்வரை அவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

அடுத்து வந்தவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தே ஓய்ந்துபோன பெரியவர்.

"இத்தினி வருசமா கம்மாபுரம் ஸ்டேஷன்ல குடுத்துகினு இருந்தேம்மா. இப்ப மவ குவார்ட்டர்ஸுக்கே வந்துட்டேன். அதான் இங்க..." என்றபடி மஞ்சள் பையிலிருந்து துண்டில் சுற்றிய எதையோ எடுத்து மேஜைமேல் பிரித்தார்.

வெள்ளிக் கொடி. சிங்க முகம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கப் போனவர், தற்செயலாகப் பெஞ்சைப் பார்த்தார். பாதி எடுத்த காகிதத்தை அவசரமாக உள்ளே தள்ளிவிட்டார்.

"டேய் தனகோட்டி!" சிங்காரவேல் துள்ளி எழுந்தார். "அம்பது வருசம் கழிச்சு அகப்பட்டுகினியா? பாருங்க ஏட்டம்மா, நான் சொல்லல?"

மலர்கொடிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்தத் திருடனாவது திருட்டுப் பொருளைத் தேர்தலுக்குத் தேர்தல் போலீசில் கொடுத்து ரசீது வாங்குவானா?

"லைசென்ஸ் இருக்கா?"

"இல்லீங்கம்மா."

"இல்லாமலா கம்மாபுரத்துல வாங்கிக்கிட்டாங்க?"

தனகோட்டி துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"சரி, அப்பா பேரு?"

"அது... வேணாங்கம்மா."

"எடுத்தது நீங்கதானா?"

தனகோட்டி தலை குனிந்தார். "ஆமாங்கம்மா. அவங்க வூட்டுதுதான். அவங்ககிட்டயே குடுத்துடுங்க."

இவ்வளவு சுலபமாகத் திருட்டை ஒத்துக்கொண்ட ஆளை மலர்கொடி தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. குழப்பம் போய் எரிச்சலே வந்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லணும்! தொண்ணூறு வயசு. கண்ண மூடறதுக்குள்ள ஜோடிய ஒண்ணாப் பாக்கட்டும்!" சிங்காரவேல் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மலர்கொடி கையை நீட்டினாள். "சட்டைப் பையில இருக்கிற பேப்பரைக் குடுங்க. இல்லேன்னா கேஸ் எழுதிடுவேன், உள்ள போயிடுவீங்க."

தயங்கித் தயங்கிக் கொடுத்தார். மடிப்புகள் கிழிந்து ஒட்டுப் போட்ட லைசென்ஸ்.

'தனகோட்டி, த/பெ சங்கரலிங்கம். தந்தையிடமிருந்து பெற்றது.'

மலர்கொடி ரிஜிஸ்தரைப் பார்த்தாள். சற்றுமுன் அவளே எழுதிய அதே பேர்.

"அவரே கூட்டிகினு போயி, அவரே சொல்லி எழுத வெச்சாரும்மா," என்றார் தனகோட்டி, குரலைத் தாழ்த்தி. "வூட்டுல மட்டும் காணாமப் போச்சுன்னுட்டாரு. எங்கம்மா மேல பழி வந்தப்பகூட வாயத் தொறக்கல."

"இதைக் காட்டினா முடிஞ்சுதே! எதுக்குத் திருடன்னு ஒத்துக்கறீங்க?"

"அவங்கம்மா, ராஜாம்பா அம்மா, இன்னும் இருக்காங்க. எனக்குச் சோறு போட்ட கைம்மா அது. புருசன் பண்ணதைத் தொண்ணூறு வயசுலயா தெரிஞ்சிக்கணும்? அவங்க இருக்கிற வரைக்கும் நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன். எழுதிக்குங்க."

மலர்கொடிக்குப் பேனா ஓடவில்லை. லைசென்ஸில் இருப்பதை எழுதினால் ஒரு கிழவியின் மனசு உடையும். எழுதாவிட்டால் இந்த மனுஷன் திருடன். என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிங்காரவேல் திரும்பி வந்தார். போன வேகம் வரும்போது இல்லை.

"தனகோட்டி அகப்பட்டான்னு சொன்னேன். போனை ஏட்டம்மாகிட்ட குடுன்னு அம்மா ஒரே பிடிவாதம். ஏன்னு ஒண்ணும் புரியல," என்றபடி ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார்.

ராஜாம்பாளின் குரல் நடுங்கினாலும் தெளிவாகவே வந்தது.

"திருட்டுப் போவலம்மா அது. அவரு தம் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. எனக்கு அன்னிக்கே தெரியும். மானம் போயிடுமேன்னு வாய மூடிகினு, அந்தப் புள்ளைய அம்பது வருசம் திருடனாக்கிட்டேன். அது தனகோட்டி பங்கு. எம் மவன அதுல கை வைக்க வேணாம்னு சொல்லும்மா."